ஜெராக்ஸில் வெளுத்த ரோஸ் தாள்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். விண்ணப்பங்களையெல்லாம் கணினிக்கு மாற்றுகிறார்களாம். பழைய படிவத்தில் ‘எதிர்க்குறிப்பு’ என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் இப்போது எல்லோரும் ‘இல்லை’ என்று போட்டுவிடுகிறார்கள், அதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். “யாரைக் கேட்டு எடுக்கப் போறே?” என்று சுள்ளென்று விழுந்துவிட்டேன். பாவம், என்னைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு சமாதானமாகி, விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் நிற்பதாக இல்லை.

நான் மேற்கு மாம்பலத்துக்காரி. தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, இரண்டு கம்பெனிகளில் சண்டை போட்டு வெளியே வந்து, மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் இருந்த இந்த அறக்கட்டளையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஃபேனுக்கு நேர் கீழே எனக்கு மேஜை போட்டுவிட்டார்கள். தாள்கள் பறக்காமல் பிடித்துக்கொள்வதே பாதி வேலை. எட்டு வருஷம் கழித்துத் திட்ட அலுவலர் என்று ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள். ஃபேன் அப்படியே இருந்தது.

எங்கள் மேனேஜிங் டிரஸ்டி வரதன் சார். அறக்கட்டளையைத் தொடங்கியவருடைய மாப்பிள்ளை. ரயில்வேயில் பாலங்களைப் பரிசோதிக்கும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்த மாட்டார். பென்சிலைப் பிளேடால் சீவிக்கொண்டே நாம் சொல்வதைக் கேட்பார். முடித்ததும் ‘சரி’ என்றால் பிழைத்தோம். ‘சரி, சரி’ என்று இரண்டு தரம் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. காகிதத்தின் ஓரத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதியதை நான் பார்த்ததில்லை.

எதிர்க்குறிப்பு அவர் கொண்டுவந்த வழக்கம். உதவி கேட்டு எந்த விண்ணப்பம் வந்தாலும் நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு குறிப்புகள் எழுத வேண்டும். ஏன் கொடுக்கலாம் என்பது வெள்ளைத் தாளில். ஏன் கொடுக்கவே கூடாது என்பது ரோஸ் தாளில். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுத வேண்டும், ரோஸ் தாளை அரைமனதாக எழுதக் கூடாது. பார்வையற்றோர் பள்ளி ஒன்று பிரெய்ல் புத்தகம் கேட்டிருந்தபோது என் முதல் ரோஸ் தாளை எழுதினேன். “இது எதிர்ப்பு இல்லே, முனகல்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் முறைதான் ‘சரி’ வந்தது. அந்தக் குழந்தைகளுக்கு நான் என்ன துரோகம் செய்கிறேனோ என்று வீட்டுக்கு வந்து அழுதேன். பள்ளிக்குப் புத்தகம் கிடைத்தது. அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று நான் ரோஸ் தாளில் எழுதியிருந்ததால், கெட்டி அட்டையில் அச்சிட்ட புத்தகமாகவே வாங்கிக் கொடுத்தோம்.

ஒருநாள் தைரியம் வந்து, ஏன் சார் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். “பாலம் நிக்கறதுன்னு சொல்ல ஆள் வேண்டாம், கோமதி. பார்த்தாலே தெரியறது. எங்கே விரிசல் விடும்னு சொல்லத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தா” என்றார். அதற்குமேல் விளக்கம் இல்லை.

ரோஸ் தாளுக்குத் தலைப்புப் போடுவதில்லை. நிறமே தலைப்பு. அது அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, டிரஸ்டிகள் கூட்டம் முடிந்ததும் பீரோவுக்குப் போய்விட வேண்டும். என் தலையெழுத்தே இந்த இரண்டு விதிகளில்தான் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாற்றிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. அனுப்பியவர் ஃபிலோமினா டீச்சர். கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர், கையில் எப்போதும் ஒரு வரைபடச் சுருள். அவரும் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ‘கேட்போர் மன்றம்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஆற்றோரம் ஒரு குடிசைப் பகுதி, மதகு நகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காலி செய்து, பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு ஊருக்கு வெளியே வீடு கொடுப்பதாக ஒரு பெரிய அரசு அலுவலகம் முடிவு செய்திருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பட்டியலில் பல வீடுகள் இல்லை. இருந்தவர்களில் சிலரை யாருமே அங்கே பார்த்ததில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் வீடு. இல்லாவிட்டால் புல்டோசர் வருகிற அன்று சாமானோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். மன்றம் வீடு வீடாகப் போய்த் தானே ஒரு பட்டியல் எடுத்து, அலுவலகத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு, நீதிமன்றம் போக நினைத்தது. அதற்குத்தான் உதவி கேட்டார்கள்.

அதுவரை நாங்கள் கொடுத்ததெல்லாம் படிப்புக்கு, கண்ணாடிக்கு, மருந்துக்கு. டிரஸ்டிகள் கூட்டத்தில் ஒரு பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். தர்மம் என்றால் அன்னதானம், வித்யாதானம், சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவர்களுக்குக் கொடுப்பது எந்தத் தானம் என்று கேட்டார். நாளைக்கு நம் வரிவிலக்கைப் பிடுங்கினால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். இரண்டாவது கேள்வி நியாயமானது, எனக்கே அந்தப் பயம் இருந்தது. வரதன் சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

“பசிக்கறவனுக்குச் சாதம் போடறோம். அவன் ரேஷன் கார்டு எங்கே போச்சுன்னு கேக்கறவாளுக்கும் யாராவது போடணுமே. அவாளுக்கு யார் போடுவா? அந்த ஆபீஸா போடும்?”

நீண்ட விவாதத்துக்குப் பிறகு தொகை நிறைவேறியது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கோப்பிலிருந்த ரோஸ் தாளைப் பற்றி.

அதை நான் ரொம்ப ரசித்து எழுதியிருந்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் எதிர்ப்பு எழுதுவதில் கை நன்றாகத் தேறிவிட்டது. இந்த மன்றம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்றேன். இவர்களில் ஒருவர்கூட மதகு நகரில் குடியிருப்பவர் அல்ல என்றேன். கடைசியாக ஒரு பாரா: “மாதிரிக்கு இவர்கள் காட்டிய கணக்கை நம்புவதற்கில்லை. குடிசைக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்று சொன்னதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.” உண்மையில் வாடகைக்கு யாராவது இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியாது. எழுதும்போது வந்து விழுந்தது, நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

வரதன் சார் அந்தப் பாராவுக்குக் கீழே கோடிட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘கேட்டாயிற்றா?’ என்று எழுதியிருந்தார். டீச்சரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் என் தங்கை கல்யாணம். பிறகு தொகை நிறைவேறிவிட்டது, அவர்களும் கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரோஸ் தாள்தானே என்ற அலட்சியமும் இருந்தது. கேட்கவில்லை.

மன்றம் வழக்குப் போட்டது. பட்டியலை இறுதி செய்வதற்கு முன் ஆட்சேபணைகளை நேரில் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உடனே அந்த அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. மன்றத்துக்கு நீங்கள் உதவியது தொடர்பான எல்லாக் காகிதங்களின் நகலும் வேண்டும் என்று. வரதன் சார் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். எஸ்.டி.டி. போட்டுப் பேசினேன். கொடுத்துவிடுங்கள் என்றார். நாம் அடுத்தவரிடம் கணக்குக் கேட்கப் பணம் கொடுக்கிறோம், நம்மிடம் கேட்டால் ஒளிக்க முடியாது, ரோஸ் தாளை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டி வைத்த கோப்பை எதற்குப் பிரிக்க வேண்டும், நகல் வந்த பிறகு ரோஸ் தாளை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படியே மாட வீதி ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். வாங்கி வந்து மேஜையில் வைத்து, நகல் கட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ரோஸ் ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே பீரோவுக்குப் போய்விட்டது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டும் வந்தேன். ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு ரோஸும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு.

விசாரணையை அடையாற்றில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். காலையில் அங்கே முகூர்த்தம் நடந்திருக்க வேண்டும், வாழை மரங்களை இன்னும் அவிழ்க்கவில்லை. மதகு நகர் ஜனம் முழுக்க வந்திருந்தது. மேடையில் விசாரணை அலுவலர், வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். நானும் வரதன் சாரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, தெருத் தெருவாக, விடுபட்டவர்களின் பெயர்களைப் படித்தார். கூட்டத்தில் அவரவர் பெயர் வந்ததும் எழுந்து நின்றார்கள். நாற்பது பேருக்கு மேல். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது அலுவலகத்தின் அதிகாரி எழுந்தார். மரியாதையானவர், குரலில் கோபமே இல்லை. “இவங்களுக்குப் பணம் கொடுத்தவங்களே இவங்களைப் பத்தி என்ன நினைக்கறாங்கன்னு பார்த்துடலாம்” என்று ஒரு தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். படித்தவர்களின் பொழுதுபோக்கு. ஒருவர்கூடக் குடியிருப்பவர் அல்ல. கணக்கை நம்புவதற்கில்லை. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தட்டிய எழுத்து, நான் வைத்த முற்றுப்புள்ளி. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன், புரியாமல் பார்த்தார்.

வரதன் சார் எழுந்து, பேச அனுமதி கேட்டார். இது எங்கள் காகிதம்தான் என்றார். எந்த உதவிக்கும் முன்னால் எதிர்வாதத்தை நாங்களே எழுதிப் பார்க்கிற வழக்கத்தைச் சொன்னார். மூலம் ரோஸ் தாளில் இருக்கிறது, எங்கள் இலவச மருந்தகத்துக்கும் இப்படி ஒரு தாள் உண்டு, வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

அதிகாரி விடவில்லை. “அப்ப இதுல இருக்கறது பூரா பொய்யின்னு ஒத்துக்கறீங்க?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்லிவிடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

“பொய்னு நான் சொல்லலை. பதில் தெரியாத கேள்வின்னு சொல்றேன். அந்த வாடகை விஷயத்துக்கு எங்களண்டை இன்னும் பதில் இல்லே.”

விசாரணை அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன்.

“இந்தக் கேள்வியை இவங்ககிட்ட நீங்க கேட்டீங்களா?”

பென்சிலால் எழுதியிருந்த அதே கேள்வி. “கேக்கலை மேடம். கேட்டிருக்கணும். தப்பு என்னுது” என்றேன்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி உட்கார்ந்து தாள்களை அடுக்க ஆரம்பித்தார். ஒரு பட்டியல் அரைகுறை என்றால் ஏற்கெனவே இருக்கும் பட்டியல்தான் நிற்கும். நின்றிருந்த நாற்பது பேரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். என் ஒரு உறையால் அத்தனை பேரும் தெருவுக்கு வரப் போகிறார்கள் என்று நினைத்தபோது ஓடிவிடலாம் போலிருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதிருக்கும், வலது மணிக்கட்டில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு. பேர் தனம் என்றாள், இஸ்திரி போடுகிறவள் என்றாள்.

“அந்தப் பேப்பர்ல எழுதிக்கீறது நெசந்தாம்மா. நான் ஏழு வருசமா அங்கத்தான் கீறேன், வாடகை குட்த்துக்கினு. இந்த டீச்சரம்மா வந்தப்போ நான் உள்ளதான் இருந்தேன். வூட்டுக்காரரு வாசல்ல நின்னுக்கினு, வேற யாரும் இல்லன்ட்டாரு. ஆபீஸ்லேந்து வந்தப்பவும் அதையேதான் சொன்னாரு. என் பேரு அந்த லிஸ்ட்லயும் இல்ல, இந்த லிஸ்ட்லயும் இல்ல.”

வீட்டுக்காரர் முன்வரிசையில் இருந்தார் போலும், திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. “என்னிய உள்ள கீறேன்னு எழுதினது அந்தப் பேப்பரு ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை அம்மாள் பேனாவை மூடினார். வாடகைக்கு இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். முதலில் யாரும் தூக்கவில்லை. வீட்டுக்காரர் பார்ப்பாரே என்ற பயம். அப்புறம் ஒரு கை, பக்கத்தில் இன்னொன்று, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. அந்த அம்மாள் அதிகாரியையும் டீச்சரையும் ஒரே மாதிரி பார்த்தார்.

“ரெண்டு லிஸ்ட்டையும் மடிச்சு வைங்க.”

புதிதாக ஒரு கணக்கு, அலுவலகத்தின் ஆட்களும் மன்றத்து ஆட்களும் குடியிருப்பவர்களும் ஒன்றாகப் போய், வாசலில் நிற்காமல் உள்ளே போய், சொந்தக்காரரையும் வாடகைக்காரரையும் தனித்தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும், அது முடியும்வரை ஒரு குடிசை மேலும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு எழுதினார். அதிகாரியாலும் மறுக்க முடியவில்லை, அந்தத் தாளை நிஜம் என்று படித்துக் காட்டியவரே அவர்தானே.

நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டீச்சர் நேராக என்னிடம்தான் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “ஏம்மா, இதை என்கிட்டயே முன்னாடி காட்டியிருக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு தனத்தைத் தேடிப் போய்விட்டார். வாசலில் வாழை மரத்தடியில் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வரதன் சாரோடு ஆட்டோவில் திரும்பினேன். மயிலாப்பூரில் இறங்கும்போது ‘சரி’ என்றார். இரண்டாவது ‘சரி’ வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஆனாலும் மறுநாள் காலை ராஜினாமாக் கடிதத்தை அவர் மேஜையில் வைத்தேன். படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு ரோஸ் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“இதுக்கு எதிர்க்குறிப்பு எங்கே? வழக்கத்தை விட முடியாதே. எழுதிண்டு வாங்கோ.”

என் மேஜைக்குப் போய் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தேன். என்னை ஏன் அனுப்பக் கூடாது என்று எழுத ஒரு வரிகூட வரவில்லை. எத்தனையோ பேருடைய கோரிக்கைக்கு எதிராக மளமளவென்று எழுதித் தள்ளிய கை. பதினோரு மணிக்கு வெறுந்தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரே வாங்கி, பென்சிலால் எழுதினார். இரண்டு வார்த்தைக்கு மேல் அவர் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“புதிதாக வருபவர் இதே தப்பை முதலிலிருந்து செய்வார். இவர் செய்து முடித்துவிட்டார்.”

அந்தத் தாள் பீரோவில்தான் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று அந்தப் பெண் பார்த்துச் சொல்லட்டும். அன்றிலிருந்துதான் ரோஸ் தாளின் தலையில் ‘எதிர்க்குறிப்பு’ என்று கொட்டை எழுத்தில் தட்டச் சொன்னார். இன்னொரு விதியையும் மாற்றினார். அதை உதவி கேட்பவரிடம் முதலில் காட்ட வேண்டும், அவர் பதிலையும் சேர்த்துத்தான் கூட்டத்தில் வைக்க வேண்டும். கணினிக்கு நிறம் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பகுதியை எடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ‘இல்லை’ என்று எழுதுபவர்களை என்னிடம் அனுப்பட்டும்.

கூட்டுக் கணக்கு மூன்று வாரம் நடந்தது. நானும் சில நாட்கள் போனேன். ஒதுக்கப்பட்ட இடம் ரொம்பத் தொலைவு, இரண்டு பஸ் மாற வேண்டும். அதைப் பற்றி டீச்சர் வேறொரு சண்டை போட்டார், அதில் பாதிதான் ஜெயித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலில் இல்லையென்று யாரும் தெருவில் நிற்கவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தனம் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். டீச்சரிடம் விலாசம் கேட்டு வந்திருக்கிறாள். இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். வீடு ஒதுக்கிய உத்தரவு.

“டீச்சரம்மா படிச்சாங்க. நீயும் ஒரு தபா படி அக்கா.”

படித்தேன். அவள் பெயர், புருஷன் பெயர், பிளாக், வீட்டு எண். ஃபேனை நிறுத்திவிட்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னாள், படித்தேன். பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இதை ஜெராக்ஸ் எடுத்தால் பேர் அழியாமல் வருமா என்று கேட்டாள்.

வரும் என்றேன். கடைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்.